இதுவரை எந்த மனிதருக்கும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆலோசனைக் கூட்டம். ஓ.எம்.ஆர். சாலையில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி. ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டு, குளிருக்கு இதமாக எல்லாருக்கும் சூடான டீ கொடுக்கிறார்கள். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று தேவைப்படாதே என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். யாரும் ஏ.சி.யை நிறுத்தவில்லை.

‘இதமா’ கம்பெனிக்கு அறிவியல் ஆலோசகர்கள் இரண்டே பேர். மருந்தியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான் ஒருத்தி. ஈரலையும் சிறுநீரகத்தையும் மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தே தலை நரைத்த டாக்டர் தேவசகாயம் இன்னொருவர், நாகர்கோவில்காரர். கம்பெனி இளம்பரிதியுடையது. வயது நாற்பதை நெருங்குகிறது, முகத்தைப் பார்த்தால் கல்லூரிப் பையன். சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு ஒரு மாத்திரை கண்டுபிடித்திருக்கிறான். பெயர் வைக்காத பிள்ளை அது, இப்போதைக்கு கே-41. எலியிலும் நாயிலும் பிரமாதமாக வேலை செய்திருக்கிறது. அடுத்தது மனிதர்கள். ஆரோக்கியமான பதினாறு பேர் தாமாக முன்வந்து விழுங்கிப் பார்க்க வேண்டும். நாங்கள் இருவரும் கையெழுத்துப் போடாமல் அது நடக்காது.

இன்றே போட்டிருக்கலாம். தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

“எலிக்கு மருந்த எதுல கரைச்சுக் குடுத்தீங்க?”

“நல்லெண்ணெயில.” பதில் சொன்னது நான். அது என் யோசனை. வெளிநாட்டுச் சோள எண்ணெய் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு வராமல் இருந்தபோது, நல்லெண்ணெயில் கரையாதது எது, அதையே வாங்குங்கள் என்று சொன்னவள் நான்தான். “ஏன், உங்க ஊர்த் தேங்காயெண்ணெய்தான் ஊத்தணுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“நல்லெண்ணெய்க்கு ஈரலக் காக்குற குணம் உண்டுலா, அரசி மேடம். மருந்து ஈரலக் கெடுத்திருந்தாலும் எண்ணெய் அத மறைச்சிருக்கலாம். மனுசன் முழுங்கப்போற மாத்திரையில எண்ணெய் கெடையாதே. அதான் கேக்கேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் பிடிவாதம்தான் ஜெயித்தது: எலிக்கும் நாய்க்கும் தண்ணீரில் கலக்கி நான்கு வாரம் மறுபடி கொடுப்பது, பிறகு ஈரலைச் சீவிப் பார்ப்பது. மே மாதம் வரை இழுக்கும். இளம்பரிதியின் முகம் விழுந்துவிட்டது. கிளம்பும்போது ஒரு வெள்ளை பாட்டிலைக் கொடுத்தான். “மாத்திரையோட கலர், மேல்பூச்சு எல்லாம் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க மேடம்.”

வீட்டில் என் கணவர் வழக்கம்போல் கூடத்தில். இரண்டு காலும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பில், கண் டி.வி.யில், கிரிக்கெட். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக ஆயுள் முழுக்க நின்ற கால்கள். “பாதத்துல மொளகாத்தூளத் தடவி யாரோ விசிறி விடுற மாதிரி இருக்கு” என்றார். இருக்கிற மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்று பகலெல்லாம் தூங்க வைக்கிறது, ஒன்று தலையைச் சுற்ற வைக்கிறது, எரிச்சல் மட்டும் போகவில்லை. மருந்தியல் பேராசிரியர் வீட்டில் இந்தக் கதி. அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது. கோபம்தான் எனக்குச் சுலபம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று முதல் அவருக்குக் காலையில் ஒரு புது மாத்திரை. என்ன மாத்திரை என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்தேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் மூன்றையும் ஒரே மடக்கில் விழுங்கினார்.

எடைக்கு எடை கணக்குப் பார்த்தால் எலிகள் தின்றதில் இது ஒரு துளி.

வாஷிங் மெஷின் சுற்றவில்லை. ஆள் நாளை வருகிறேன் என்றான். அவனுடைய நாளை எப்போது வரும் என்று தெரியவில்லை.

மார்ச் 15, சனி

மெஷின் ஆள் வந்தான். பெல்ட் அறுந்திருக்கிறது. மாற்றிவிட்டான். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் குளித்துவிட்டு வந்தால் ஆளைக் காணோம். டப் காய்ந்து கிடக்கிறது. பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். தெருமுனையில் வருகிறார், கையில் மஞ்சப்பை, காலில் செருப்பு. குரோம்பேட்டை மார்க்கெட் வரை நடந்து போயிருக்கிறார்! முருங்கைக்காய், முள்ளங்கி, வதங்கிப்போன அரைக்கீரை. “பேரம் பேசி வாங்கினேன்” என்று பெருமை வேறு. அந்தக் கீரையைச் சும்மா கொடுத்திருந்தாலே நான் வாங்கியிருக்க மாட்டேன். வாயைத் திறக்காமல் வாங்கி வைத்து ஆய்ந்து கடைந்தேன்.

“எரியவே இல்ல அரசி. தரை சில்லுன்னு இருக்குறது தெரியுது” என்றார். இரண்டு வருடமாக இந்த மனிதர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சமையலறையில் போய் நின்று அழுதேன். சந்தோஷம்தான்.

மாலையில் கோமதி வந்தாள். அவருடைய தங்கை, அடுத்த தெரு. அண்ணன் நடந்ததைக் கேட்டதும் கைதட்டினாள். “பாத்தீங்களா அண்ணி! நான் குடுத்த சூரணம்! இங்கிலீஷ் மருந்தே உசத்தின்னு சொல்லிட்டு இருந்தீங்களே.” போன மாதம் தாம்பரத்தில் யாரோ ஒருவரிடம் வாங்கி வந்து அண்ணனிடம் கொடுத்த பொடி அது.

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பேர் அவளுக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

டப்பைக் கழுவிக் குளியலறையில் கவிழ்த்து வைத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

பதினாறு பேரிடமும் வாங்க வேண்டிய ஒப்புதல் படிவத்தை இளம்பரிதி அனுப்பியிருந்தான். தமிழில் சரிபார்த்துக் கொடுக்க வேண்டுமாம். யார் மொழிபெயர்த்தார்களோ, ‘ஆய்வுப் பொருள் வாந்தி எடுத்தால்’ என்று எழுதியிருக்கிறார்கள். மனிதன் ஆய்வுப் பொருளாகிவிட்டான்! சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்தா?” என்றார்.

“ஆமா. படிச்சுக் காட்டி, புரிஞ்சுதான்னு கேட்டு, அப்புறம்தான் கையெழுத்து. பிடிக்கலேன்னா எப்ப வேணா எழுந்து போகலாம்.”

“நல்ல மரியாதைதான்” என்றார்.

இரண்டாம் பக்கத்தில், ‘இந்த மருந்து இதுவரை எந்த மனிதருக்கும் கொடுக்கப்படவில்லை’ என்று ஒரு வாக்கியம். அந்தப் பக்கத்திலேயே பிழையில்லாத வாக்கியம் அது ஒன்றுதான். அதைத் தொடாமல் அடுத்த வரிக்குப் போனேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். அவர் பாயசத்தை வாயில் வைத்துவிட்டுத் தள்ளிவிட்டார். காலையில் காப்பியும் அப்படித்தான். “துருப்பிடிச்ச டம்ளர்ல குடிக்கிற மாதிரி இருக்கு.” புதுக் காப்பிப் பொடி வாங்கியது என் தப்பு. வெயில் வேறு கொளுத்துகிறது. இந்த வெயிலில் யாருக்குத்தான் பசிக்கும்?

கால் நன்றாகவே இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

உடம்பெல்லாம் அரிக்கிறது என்கிறார். வேர்க்குருவாக இருக்கும். சோப்பை மாற்றினேன்.

ஏப்ரல் 26, சனி

இளம்பரிதி வீட்டுக்கு வந்தான். சோதனை நடத்தப்போகும் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள், பதினாறு பேரும் தயார், தேவசகாயம் சாரின் ஈரல் ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி என்றான். அவனுக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. “மூணு வருஷமா பன்னெண்டு பேர் என்னை நம்பிக் கூட இருக்காங்க மேடம். இன்னும் ஒரு தடவ தள்ளிப் போச்சுன்னா கம்பெனி நிக்காது.”

அவர் அறையிலிருந்து நடந்து வந்தார். சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

“கால் எப்படி சார் இருக்கு?” என்றான் இளம்பரிதி.

“முழுசா நல்லாயிருச்சு! என் தங்கச்சி குடுத்த சூரணம்னு அவளே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா.”

“அப்ப எங்க கம்பெனிய மூடிர வேண்டியதுதான்” என்று சிரித்தான். பிறகு அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். “எங்கப்பாவுக்கு இந்த எரிச்சல் கடைசி வரைக்கும் போகல சார். செருப்பு போட முடியாது. என் கல்யாணத்துல மேடையில வெறுங்காலோட நின்னாரு, ஈரத்துணி மேல.”

நான் எழுந்து மோர் கலக்கப் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பான்! சொல்ல முடியாது. மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வாங்காத மருந்து.

மே 3, சனி

காலையில் அவர் பேப்பர் படிக்கும்போது கண் மஞ்சளாகத் தெரிந்தது. திரைச்சீலையின் நிறம் என்று நினைத்தேன். பால்கனிக்கு வரச் சொல்லி வெளிச்சத்தில் கீழிமையை இழுத்துப் பார்த்தேன்.

“என்ன டாக்டரம்மா, லவ்வா?” என்றார்.

மஞ்சள்தான்.

இன்று அந்த மாத்திரையைக் கொடுக்கவில்லை. பாட்டிலை அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

மே 4, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஈரல் நொதிகள் தாறுமாறாக ஏறிக் கிடக்கின்றன. ஈரல் டாக்டர் நஸ்ரின் என்று ஒரு பெண், பொறுமையாகப் பேசுகிறாள். தொற்று மஞ்சள் காமாலை இல்லை, பித்தப்பையில் கல் இல்லை. எல்லாம் பார்த்துவிட்டு எல்லா டாக்டர்களும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

“நாட்டு மருந்து எதாவது சாப்பிட்டாரா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி முந்திக்கொண்டாள். “நான்தான் சூரணம் வாங்கிக் குடுத்தேன் டாக்டர், கால் எரிச்சலுக்கு.”

“என்ன சூரணம்? என்ன சேர்ந்திருக்கு?”

“தெரியாதும்மா. பொடி.”

நஸ்ரின் ஒரு பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். “வேற ஏதாவது மேடம்? நீங்களே மருந்து ப்ரொஃபசர், உங்களுக்குத் தெரியாததா?”

“சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டும்தான்” என்றேன்.

மே 6, செவ்வாய்

கோமதி வார்டு வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். “எங்கண்ணன நானே கொன்னுட்டேனே அண்ணி. இந்தக் கையாலதானே குடுத்தேன்.” சாப்பிடவில்லை. மாங்காட்டுக்கு அங்கப்பிரதட்சணம் வேண்டிக்கொண்டிருக்கிறாள், இந்த முழங்கால் வலியோடு. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். “நீ வேணும்னேவா செஞ்ச, விடு” என்றேன்.

சூரணமாகவும் இருக்கலாம். அதில் என்ன கலந்திருந்தது என்று யாருக்குத் தெரியும்? விஞ்ஞானம் படித்தவள் எல்லாச் சாத்தியங்களையும் யோசிக்க வேண்டும். இன்று முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

மே 8, வியாழன்

தேவசகாயம் போன் செய்தார். குரலில் ஒரு துளி பொறாமை இல்லை.

“மேடம், நான் தோத்துட்டேன். எல்லா ஈரலையும் ரெண்டு தடவ பாத்துட்டேன். எண்ணெய் இல்லாமக் குடுத்தும் ஒண்ணும் ஆகல. எலியும் சரி, நாயும் சரி, ஈரல் பளிங்கு மாதிரி இருக்கு. நீங்க சொன்னதுதான் சரி. திங்கக்கிழம கூட்டத்துல கையெழுத்துப் போடுதேன். ஒங்களயும் வீணா இழுத்தடிச்சிட்டேன், மன்னிச்சுக்கிடணும்.”

இரண்டு மாதமாக இந்த வெற்றிக்காகக் கறுவிக்கொண்டிருந்தேன். இப்போது கிடைத்ததும் வேண்டாமென்றிருக்கிறது. எலிகளின் ஈரல் கெட்டிருந்தால் தேவசகாயமே எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார். என்னை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். எண்ணெயைப் பற்றி இத்தனை சண்டை போட்டோமே, எலிக்கும் மனிதனுக்கும் ஈரல் ஒன்றல்ல என்பதை இரண்டு பேரும் மறந்தே போனோம். எலி தாங்கும் மருந்தை மனிதன் தாங்காமல் போனது எத்தனை முறை நடந்திருக்கிறது! நான் முப்பது வருடம் வகுப்பில் கத்தியது அதைத்தானே.

சூரணமாகத்தான் இருக்க வேண்டும். சூரணமாக இருந்தால் திங்கட்கிழமை நானும் கையெழுத்துப் போடலாம்.

மே 9, வெள்ளி

இரத்தம் உறைவது தாமதமாகிறது என்று நஸ்ரின் காலையில் சொன்னாள். ஈரல் இன்னும் இறங்கினால் மாற்று ஈரல் பற்றிப் பேச வேண்டிவரும் என்றாள். கோமதி அதைக் கேட்டுவிட்டு வராந்தாவில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் அவருக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். முகமே மஞ்சள் பூசின மாதிரி இருக்கிறது. கையை அசைத்துக் கிட்டே கூப்பிட்டார்.

“கோமுவ அழ வேணாம்னு சொல்லு.”

“சொல்லிட்டுத்தான் இருக்கேன்.”

“இல்ல, கேளு. அந்தச் சூரணத்த நான் ஒரு வேளகூடத் தின்னதில்ல. வேப்பங்காயா கசந்துச்சு. தெனமும் கருவேப்பிலத் தொட்டியில கொட்டிருவேன். அவகிட்ட சொன்னா மூஞ்சத் தூக்கி வச்சுப்பான்னு சொல்லல.” லேசாகச் சிரித்தார். “செடி நல்லாத்தான் இருக்கு.”

இளநீர் டம்ளரை மேசைமேல் வைத்தேன்.

நேரே நஸ்ரினின் அறைக்குப் போய்ச் சொன்னேன். மருந்து என்ன, எவ்வளவு, எப்போதிருந்து, எல்லாம். அவள் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்துவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமையே கேட்டேனே மேடம்.”

“கேட்டீங்க.”

“அஞ்சு நாளு மேடம். அஞ்சு நாளா நாங்க இருட்டுல தேடிட்டு இருந்தோம்.” உடனே எழுந்து போய் மருந்துகளை மாற்றி எழுதினாள். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மே 10, சனி

இன்று அவரிடம் சொன்னேன். இரத்தம் உறைவது மேற்கொண்டு மோசமாகவில்லை, அப்படியே நிற்கிறது என்று காலையில் ரிப்போர்ட் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மோசமாகியிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எரிச்சல் போனது அதனாலயா?”

“ஆமா.”

“நல்ல மாத்திரதான்.”

நர்ஸ் வந்து டிரிப்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“அந்தப் பதினாறு பேருக்கும் ஒவ்வொரு பக்கமா படிச்சுக் காட்டி, புரிஞ்சுதான்னு கேப்பீங்கன்னு சொன்னியே.”

“ஆமா.”

“என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா, சரின்னுதான் சொல்லியிருப்பேன் அரசி. ஒனக்குத் தெரியும், நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்ல.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முப்பத்தொன்பது வருடத்தில் அவர் எனக்கு முதுகு காட்டிப் படுத்தது இதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்டேன். தூங்கினாரா, கேட்டுக்கொண்டிருந்தாரா, தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

கோமதியிடம் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள். பிறகு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, கொண்டு வந்த டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போனாள். படியிறங்கும்போது மட்டும் திரும்பினாள்.

“முதுகத் தடவிக் குடுத்தீங்களே அண்ணி” என்றாள்.

மே 12, திங்கள்

கூட்டம். இளம்பரிதி புதுச் சட்டை போட்டிருந்தான். மேசைமேல் ஒரு பெட்டி மைசூர்பாகு. தேவசகாயம் பேனாவைத் திறந்து முதல் பக்கத்தில் வைத்தேவிட்டார்.

“போடாதீங்க தேவசகாயம்” என்றேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தபடி சொன்னால் குரல் வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். வெள்ளை பாட்டிலை மேசைமேல் வைத்தேன். மிச்ச மாத்திரைகள் உள்ளே சலசலத்தன.

தேவசகாயம்தான் முதலில் பேனாவை மூடினார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவுகளுக்கு இப்ப எப்படி இருக்கு மேடம்?”

“மஞ்சள் இறங்கிட்டு வருது. பொழைச்சுப்பார்னு சொல்றாங்க.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார், தாழ்ந்த குரலில்.

இளம்பரிதி எழுந்து நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை. “மேடம், ஒரே ஒருத்தர். வயசானவர், சர்க்கரை வேற. சூரணம்னு அவரே என்கிட்ட சொன்னாரே! இத வச்சு எப்படி மேடம் முடிவு பண்ண முடியும்? அது சூரணத்தாலயும் ஆகியிருக்கலாமே!”

வார்த்தைக்கு வார்த்தை நான் ஐந்து நாள் எனக்கே சொல்லிக்கொண்டதுதான். அவன் கண் என்னைக் கெஞ்சியது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், அவன் கம்பெனி பிழைத்துவிடும். அந்தப் பன்னிரண்டு பேரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இனிப்புக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அவன்மேல் பிரியம் இல்லையா என்ன?

“சூரணத்த அவர் தொடவே இல்ல இளம்பரிதி. தொட்டியில கொட்டியிருக்கார். அவர் தின்ன ஒரே புது மருந்து உங்க மருந்துதான். அந்தப் பதினாறு பேர்ல ஒருத்தருக்கு இப்படி ஆகி, அவர் பொழைக்காமப் போனா?”

அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு நிமிர்ந்து பார்த்தான், என்னைத் திட்டப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

“வேல செஞ்சுதா மேடம்?”

“என்ன?”

“கால் எரிச்சல். சூரணம் இல்லன்னா, அப்ப அது நம்ம மருந்துதானே. நிஜமாவே போச்சா?”

“போச்சு. ரெண்டே வாரத்துல.”

“செருப்பு போட்டாரா?”

“போட்டார். மார்க்கெட் வரைக்கும் நடந்து போனார்.”

எழுந்து ஜன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. தேவசகாயம் போய் அவன் தோளில் கை வைத்தார். எனக்குப் போகத் தகுதியில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமல் அவனே போனை எடுத்து அந்த ஆஸ்பத்திரிக்குப் பேசினான். பதினாறு பேரையும் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னான். ஏன் என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. “மருந்துல கோளாறு சார்” என்றான்.

ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தேன். நெறிமுறைக் குழுவுக்கு நடந்ததையெல்லாம் நானே எழுதி அனுப்பிவிட்டேன். விசாரணை வரும். வரட்டும்.

மைசூர்பாகுப் பெட்டியை யாரும் பிரிக்கவில்லை.

மே 21, புதன்

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவரிடம் மட்டும் மழை வருமா என்று கேட்டார்.

மே 25, ஞாயிறு

கோமதி தினமும் மதியம் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள், உப்பு காரம் குறைத்து. ஒரு ஆளுக்கு மட்டும் அளந்து. நியாயம்தான்.

இளம்பரிதி பத்திரமாக இருக்கிறானா என்று தேவசகாயத்தைக் கேட்டேன். ஆட்களுக்கு வேறு இடங்களில் வேலை தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறானாம். மூலக்கூறில் எந்த மூலை ஈரலைக் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று அவரிடம் கேட்டானாம். என்னிடம் கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

கண் வெள்ளையாகிவிட்டது. கால் எரிச்சல் திரும்பிவிட்டது. விடிந்ததிலிருந்து டப்பில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். தண்ணீரை இரண்டு தடவை மாற்றினேன். இன்றைக்கும் பேச்சு அதிகம் இல்லை, தேவைக்கு மட்டும்.

காலை மாத்திரைகளையும் தண்ணீரையும் கொண்டு போனேன். கையை நீட்டினார், வைத்தேன். வாயில் போடவில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன?” என்றார்.

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. டி.வி.யை நிறுத்தியிருந்தார்.

“சர்க்கரைக்கு.”

“பேரு?”

சொன்னேன்.

“எதுக்குக் குடுக்கற? என்ன பண்ணும்? என்னெல்லாம் கெடுக்கும்?”

எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சர்க்கரை மாத்திரையை முதலில் சொன்னேன். பிறகு பிரஷர் மாத்திரை. அது என்ன செய்யும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது, என்ன தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். இருபது வருடமாக என் கையிலிருந்து வாங்கித் தினமும் விழுங்குகிற மாத்திரைகள் இரண்டும். நடுவில் இரண்டு தடவை நிறுத்திச் சந்தேகம் கேட்டார். அதற்கும் பதில் சொல்லி முடித்தேன்.

“புரிஞ்சுதா?” என்றேன்.

“புரிஞ்சுது.”

“வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்.”

கொஞ்சம் யோசித்தார். “சரி, குடு” என்று தண்ணீருக்குக் கை நீட்டினார்.